அச்சும் வடிவும்: கண்ணாடியிழைப் படகை முன்வைத்து ஓர் ஆய்வு

ஒன்றையொன்று முற்றும் ஒத்த இரு பொருள்களைக் கண்டால் ‘அச்சில் வார்த்தாற்போல’ என்பது நம்மவர் வழக்கு. தந்தையை முகத்தாலும் நடையாலும் ஒத்த மகனையும் அவ்வாறே கூறுவர். அச்சு எவ்வாறோ அவ்வாறே அதனிற் பிறக்கும் பொருளும் என்னும் நம்பிக்கை இவ்வழக்கினுள் உறைந்து கிடக்கின்றது. அந்நம்பிக்கை எத்துணை உண்மையுடையது என்று ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும். ஆராய்ச்சிக்கு யாம் எடுத்துக்கொண்ட பொருள் செப்புத் திருமேனியுமன்று, பொன்னணியுமன்று. கற்பிட்டி முதற் சிலாபம் வரையுள்ள நம் கரையிலிருந்து நாடோறும் கடலுக்குச் செல்லும் கண்ணாடியிழைப் படகேயாம்.

தமிழ் கற்பிப்போர்க்குப் படகுப் பட்டறையில் என்ன அலுவல் என்று கேட்பாரும் உளர். நம் கல்லூரியிற் கற்று வெளியேறியோருட் படகுடையோர் பலர்; படகு கட்டும் பட்டறைகளிலே தொழில் செய்வோரும் உளர். அவர்கள் வாயில் ‘பைபர்’, ‘மோல்ட்’, ‘ரெசின்’, ‘ஜெல்கோட்’ என்னும் சொற்களே வழங்குகின்றன. சொற்கள் பிறமொழியின என்பதுபற்றி யாம் பெரிதும் வருந்துவதில்லை. கடலோடிகள் எக்காலத்தும் பிறமொழிச் சொற்களை வலையோடு சேர்த்து இழுத்து வந்தவர்களே. ஆயின் அச்சொற்களாற் குறிக்கப்படும் பொருள்களின் இயல்பு தாய்மொழியில் விளக்கப்படாமையால், தொழில் அறிந்தும் அதன் காரணம் அறியாதார் பலராயினர். காரணம் அறியாமையால் விளையும் குறை கரையிலே தோன்றுவதில்லை; கரையிலிருந்து பல மைல் தொலைவில், இயந்திரத்தை முடுக்கும்போதே தோன்றுகின்றது. ஆதலின் எமக்கும் இதில் அலுவல் உண்டு.

நம் மாவட்டத்தின் தென்பாலுள்ள வைக்கால், தங்கொட்டுவை முதலிய ஊர்களில் ஓடு செய்வோர் ஓர் உண்மையை நெடுங்காலமாக அறிவர். ஈரக் களிமண் உலரும்போது சுருங்கும். சூளையில் வேகும்போது மீண்டும் சுருங்கும். ஆகவே வேண்டிய ஓட்டினும் பெரிதாகவே அச்சினை அமைப்பர். அம்மட்டோ? ஓட்டின் ஒரு பக்கம் விரைந்தும் மறு பக்கம் தாழ்த்தும் உலருமாயின் அது கோணிவிடும். கோணிய ஓடு கூரையிற் பொருந்தாது. அதனால் ஓட்டினை நிழலிற் பையப் பைய உலரவிடுவர். களிமண்ணைப் பற்றிய இவ்வறிவு நம்மிடையே இருந்தும், ‘பைபர்’ வந்தபோது அதனை நாம் அங்கே கொண்டுசெல்லவில்லை. அச்சினின்று எடுத்த படகு பளபளப்பாயும் கடினமாயும் இருத்தலின், அது சுருங்காது, கோணாது என்று கருதிவிட்டோம். உண்மையில் அதுவும் சுருங்கும்; அதுவும் கோணும். எவ்வளவு, எப்பக்கம் என்பதை அச்சே பெரும்பாலும் தீர்மானிக்கின்றது.

கண்ணாடியிழையும் பிசினுங் கொண்டு படகு கட்டுதல் பழைய கலையன்று. 1942ஆம் ஆண்டில் அமெரிக்காவின் ஓகாயோ மாநிலத்தில் ரே கிரீன் என்பார் இம்முறையில் ஒரு சிறு படகை ஆக்கினார். இலங்கையிலோ, 1960களின் பிற்பகுதியில் நோர்வே நாட்டார் துணையோடு யாழ்ப்பாணத்துக் காரைநகரில் தோன்றிய சீநோர் நிறுவனம் இவ்வகைப் படகுகளைக் கட்டிப் பரப்பியவற்றுள் முதன்மையானது. இன்று கற்பிட்டி, கண்டக்குளி, முந்தல், உடப்பு, சிலாபம் என எங்கு நோக்கினும், 18 அடியளவான கண்ணாடியிழைப் படகும் அதன் பின்னே தொங்கும் வெளியிணைப்பு இயந்திரமுமே கண்ணிற் படுகின்றன. வள்ளமும் தெப்பமும் அருகிவிட்டன.

இப்படகு பிறக்கும் முறையை முதலிற் கூறுவாம். வேண்டிய வடிவில் மரத்தாலும் பலகையாலும் ஒரு மூலவடிவம் செய்து, அதனை இழைத்து மெருகிடுவர். அம்மூலவடிவின்மேல் மெழுகு பூசி, இழைப்பாயும் பிசினும் அடுக்கி, இறுகியபின் கழற்றி எடுத்தால் வருவதே அச்சு. படகு ஒன்று கட்டவேண்டுமாயின் அச்சின் உட்புறத்தில் மெழுகு தேய்த்து, அரை மில்லிமீற்றர் அளவான ‘ஜெல்கோட்’ என்னும் மேற்பூச்சைப் பூசி, அதன்மேல் நறுக்கிய இழைப்பாயையும் நெய்த இழைப்பாயையும் மாறிமாறி விரித்து, ஊக்கி கலந்த பொலியெஸ்தர்ப் பிசினை ஊட்டி, உருளையாற் காற்றுக் குமிழிகளை நெருக்கி வெளியேற்றுவர். பிசின் இறுகியபின் படகை அச்சினின்று பெயர்த்தெடுப்பர். இங்கே கூர்ந்து நோக்கற்பாலது ஒன்றுண்டு. அச்சும் அதே பொருளால் ஆனது. அதுவும் ஒரு மூலவடிவின்மேற் பிறந்தது. ஆகவே படகிற்கு நேரக்கூடிய எல்லாக் குறையும் அச்சிற்கு முன்னரே நேர்ந்திருக்கலாம். தாயின் கோணல் ஒரு பிள்ளையோடு நில்லாது. அவ்வச்சிற் பிறக்கும் ஒவ்வொரு படகிலும் தொடரும்.

பிசின் ஏன் சுருங்குகின்றது? திரவமாய் இருக்கையில் அதன் மூலக்கூறுகள் ஒன்றினின்று ஒன்று விலகி உலவுகின்றன. ஊக்கி சேர்ந்தவுடன் அவை கைகோத்து வலைபோற் பின்னிக்கொள்கின்றன. பின்னும்போது நெருங்குகின்றன; நெருங்குதலாற் கனவளவு குறைகின்றது. பொலியெஸ்தர்ப் பிசின் தனித்து இறுகும்போது கனவளவில் நூற்றுக்கு 6 முதல் 8 பங்கு வரை குறைதல் இயல்பு. வானூர்தித் தொழிலில் வழங்கும் எப்பொட்சிப் பிசின் இதனினும் குறைவாகவே சுருங்கும். இவ்விறுகுதல் வெப்பத்தையும் வெளிவிடுகின்றது. மெல்லிய அடுக்காயின் வெப்பம் காற்றோடு போய்விடும். பல பாய்களை ஒரே மூச்சில் அடுக்கினால் வெப்பம் உள்ளே தேங்கி 100 செல்சியசுப் பாகையையும் கடக்கும். அவ்வாறு சுட்டு இறுகிய பொருள், பின்னர்க் குளிரும்போது மேலும் சுருங்கும்.

கண்ணாடி இழையோ சுருங்குவதில்லை. அஃது இறுகும் பிசினைத் தன் நீளவாட்டிற் சுருங்கவிடாது பிடித்துக்கொள்கின்றது. ஆகவே சுருக்கம் எத்திசையிற் செல்லும்? இழை இல்லாத திசையிற் செல்லும். அதாவது தடிப்பின் திசையில். ஒரு தட்டையான பலகையில் இஃது எவருக்கும் தெரியாது. தடிப்புச் சிறிது குறையும், அவ்வளவே. வளைந்த இடத்திலேதான் வினை தொடங்குகின்றது.

இதனைப் பள்ளிக் கேத்திரகணிதத்தாலேயே விளக்கலாம். ஒரு வளைவின் உட்பக்க வில்லின் நீளத்தையும் வெளிப்பக்க வில்லின் நீளத்தையும் அளந்து, பெரியதினின்று சிறியதைக் கழித்தால், மிஞ்சுவது தடிப்பையும் வளைவுக் கோணத்தையும் பெருக்கி வரும் தொகையாகும். இழைகள் பிடித்திருப்பதால் இரு வில்களும் நீளம் மாறா. ஆகவே அத்தொகையும் மாறாது. தடிப்போ குறைகின்றது. பெருக்கத்தின் ஓர் உறுப்புக் குறைந்தும் தொகை மாறாதிருக்க வேண்டுமாயின் மற்றை உறுப்புக் கூடியே ஆகவேண்டும். தடிப்பு நூற்றில் ஒரு பங்கு குறைந்தால் வளைவு நூற்றில் ஒரு பங்கு கூடும். 90 பாகை வளைத்த மூலை 90.9 பாகை வளைந்துவிடும். மூலையின் இரு பக்கங்களும் ஏறத்தாழ ஒரு பாகை உள்நோக்கி நெருங்கும் என்பது பொருள். 60 சென்ரிமீற்றர் உயரமுள்ள ஒரு படகின் பக்கம் அடியோடு சேரும் மூலையில் ஒரு பாகை உட்சாய்ந்தால், மேல் விளிம்பு ஏறத்தாழ ஒரு சென்ரிமீற்றர் உள்ளே வரும். இரு பக்கமும் சேர்த்து நோக்கின் ஒரு விரற்கிடை. அச்சிலே சரியாய் இருந்த அகலம் படகிலே இல்லாது போவதன் முதற் காரணம் இதுவே. நம் மாணவர்க்குக் கேத்திரகணிதம் எதற்கு உதவும் என்று கேட்கும் பெற்றோர்க்கு இவ்வொன்றைச் சொல்லலாம்.

இவ்வியல்பு எவ்வச்சிலும் உண்டு. அச்சை மாற்றுவதால் மறையாது. ஆயின் அச்சு இதனைக் கூட்டவும் குறைக்கவும் வல்லது. படகின் அச்சு குழிந்தது. படகு அதன் உள்ளே பிறக்கின்றது. குழிந்த அச்சின் மூலையிற் பாய் நன்றாய்ப் படியாது பாலம்போல் நிற்க, அதன் கீழே பிசின் தேங்கும். இழை குறைந்து பிசின் மிகுந்த அம்மூலை ஏனைய இடத்தினும் மிகுதியாய்ச் சுருங்கும். குவிந்த அச்சின்மேல் விரித்தாலோ பாய் இறுக இழுபட்டு மூலை மெலியும். ஒரே வடிவை உள்ளே வார்ப்பதற்கும் வெளியே போர்ப்பதற்கும் இவ்வளவு வேற்றுமை உண்டு. அச்சின் மூலைகளைக் கூர்மையாய் விடாது வளைவாய்த் திரட்டி அமைத்தால் பாய் படியும், தேக்கமும் குறையும். ஏராவின் ஓரத்தைக் கத்திபோற் கூராக்குவதில் நம் பட்டறையாளர் சிலர்க்கு ஒரு பெருமிதம் உண்டு. கண்ணுக்கு அழகுதான், பிசினுக்கு அது பள்ளம்.

படகு சாதாரண வெப்பநிலையிலேயே இறுகுவது. அச்சின் வேறொரு குணத்தைத் தெளிவாய்க் காணவேண்டின், உலையில் வைத்து இறுக்கப்படும் பொருளை நோக்கவேண்டும். வானூர்தி உறுப்புகள் காபன் இழையும் எப்பொட்சிப் பிசினும் சேர்ந்த கூட்டுப் பொருளால் ஆவன. இவற்றை அச்சோடு பெரிய அமுக்க உலையினுள் வைத்து 180 பாகை வரை சூடேற்றுவர். இந்தியாவின் தேஜஸ் என்னும் போர் வானூர்தி 2001ஆம் ஆண்டு சனவரி 4ஆம் நாள் முதன்முதற் பறந்தது. அதன் உடலின் பெரும்பகுதி இவ்வாறு ஆக்கப்பட்டதே. இங்கே அச்சு எப்பொருளாற் செய்யப்பட்டது என்பது பெருங்கேள்வியாகின்றது. 30 பாகையிலிருந்து 180 பாகைக்குச் சூடேறும்போது ஒரு மீற்றர் நீளமான அலுமினிய அச்சு ஏறத்தாழ மூன்றரை மில்லிமீற்றர் நீளும்; உருக்கு அச்சு ஏறத்தாழ 1.8 மில்லிமீற்றர் நீளும். காபன் இழையோ தன் நீளவாட்டில் விரிவதே இல்லை எனலாம்.

இனி நிகழ்வதைக் கற்பனை செய்து காண்க. உலை சூடேறுகின்றது, அச்சு நீள்கின்றது. அதனோடு ஒட்டிக் கிடக்கும் முதலடுக்கைத் தன்னோடு இழுக்கின்றது. மேலடுக்குகள் பிசின் இன்னும் இளகியிருத்தலின் வழுக்கி நின்றுவிடுகின்றன. இந்நிலையிற் பிசின் இறுகிவிடுகின்றது. கீழடுக்கு இழுபட்டவாறே பூட்டப்பட்டுவிட்டது. உலை குளிர்ந்து, பொருளை அச்சினின்று எடுத்தவுடன் அவ்வடுக்குத் தன் பழைய நீளத்தை நாடிச் சுருங்க முயலும், மேலடுக்குகள் விடா. ஆகவே தட்டையாய் வரவேண்டிய பலகை நடுவில் உயர்ந்து ஓரங்களில் தாழ்ந்து வில்லாய் வளைகின்றது. பொருளில் ஒரு பிழையுமில்லை; பிசினிலும் பிழையில்லை; அச்சின் இழுப்பு பொருளின் உடலிற் பதிந்துவிட்டது.

கனடாவிலுள்ள பிரித்தானியக் கொலம்பியாப் பல்கலைக்கழகத்தார் 2000களின் முற்பகுதியில் அலுமினிய அச்சின்மேல் இவ்வகைப் பலகைகளை வார்த்து வளைவை அளந்தனர். நீளம் இரட்டித்தால் வளைவு ஏறத்தாழ எட்டு மடங்காகின்றது என்றும், தடிப்பு இரட்டித்தால் ஏறத்தாழ நாலிலொன்றாய்க் குறைகின்றது என்றும் கண்டனர். நீண்டு மெலிந்தன எல்லாம் இவ்வாற்றால் மிகக் கோணுவன. அச்சின் முகம் வழுவழுப்பாய், பொருள் நழுவ இடங்கொடுக்குமாயின் இழுப்புக் குறையும். பற்றிப் பிடிக்குமாயின் கூடும்.

இதற்கு மாற்று என்ன? விரியாத உலோகத்தால் அச்சுச் செய்தல். அத்தகையதொரு உலோகத்தை 1896இல் சார்ள்ஸ் எதுவார்ட் கியோம் என்னும் சுவிற்சர்லாந்து நாட்டறிஞர் கண்டுபிடித்தார். இரும்போடு நூற்றுக்கு 36 பங்கு நிக்கல் சேர்ந்த அக்கலப்புலோகத்திற்கு ‘இன்வார்’ என்று பெயர். ‘மாறாதது’ என்னும் பொருள்தரும் சொல்லின் குறுக்கமே அது. 1920இற் பௌதிகவியலுக்கான நோபெல் பரிசு அவருக்குக் கிடைத்தது. மேற்கூறிய சூட்டில் ஒரு மீற்றர் இன்வார் கால் மில்லிமீற்றரும் நீளாது. விலையோ மிகுதி, நிறையும் மிகுதி. நிறை மிகுந்த அச்சுத் தாழ்த்துச் சூடேறுமாதலால் அதன் தடித்த பகுதியும் மெல்லிய பகுதியும் வெவ்வேறு நேரத்திற் பிசினை இறுக்கும் என்னும் வேறொரு தொல்லையும் உண்டு. ஆகவே பொருளைப் போன்றே காபன் இழையால் அச்சையும் செய்வாருமுளர். ஓடும் பொருளும் ஒரே இனமாயின் ஒன்றையொன்று இழுக்கா.

சிறு கோணலாற் பெருங்கேடு வருமோ எனின், போயிங் 787 வானூர்தியின் வரலாற்றை நோக்குக. 2009 திசெம்பரில் முதன்முதற் பறந்த அவ்வானூர்தியின் உடல் கூட்டுப்பொருளாலான பெரிய உருளைகளை ஒன்றோடொன்று பொருத்தி ஆக்கப்படுவது. பொருத்துமிடத்தில் எஞ்சும் இடைவெளிகளை மெல்லிய தகடுகளால் நிரப்புவர். 2020ஆம் ஆண்டில், அத்தகடுகள் உரிய அளவின் அல்லாமையும் உடலின் உட்புற முகம் வேண்டிய சமனில் இல்லாமையும் ஒரே இடத்திற் சேர்ந்திருந்தமை காணப்பட்டு, எட்டு வானூர்திகள் சேவையினின்று நிறுத்தப்பட்டன. பின்னர்ப் புதியவற்றைக் கையளித்தலும் நெடுநாள் தடைப்பட்டது. அங்கே ஏற்கத்தக்க இடைவெளி ஓர் அங்குலத்தின் ஆயிரத்தில் ஐந்து பங்கு. ஒரு தலைமயிரின் தடிப்பென்க.

நம் கரையிலேயே இவ்வறிவிற்கு ஓர் உயர்ந்த சான்று நிற்கின்றது. கற்பிட்டிக்குச் செல்லும் வழியில், மாம்புரியில், 2010 முதற் காற்றாலைகள் சுழல்கின்றன. அவற்றின் அலகுகளும் கண்ணாடி இழையும் பிசினுமே. அலகு வெறும் பலகையன்று; அடியிலிருந்து நுனிவரை சிறிது சிறிதாய் முறுகிச் செல்வது. அம்முறுக்கிலேதான் காற்றைப் பிடிக்கும் திறன் உள்ளது. இத்தகைய அலகுகளை இரு பாதியாய், கூட்டுப்பொருளாலாகிய நீண்ட அச்சுகளில் வார்த்து, பின் ஒட்டுவர். பிசின் ஒரேசீராய் இறுகும்பொருட்டு அச்சின் உடலினுள்ளேயே சூடேற்றும் அமைப்பினைப் பதிப்பர். அச்சினைத் தாங்குவது உருக்குச் சட்டம். சூடேறும்போது சட்டம் ஒருவாறும் அச்சு வேறொருவாறும் விரியுமாதலின், இரண்டையும் இறுகப் பிணிக்காது, சற்றே அசைய இடம்விட்டு இணைப்பர். அச்சின் இயல்பறிந்தோர் செய்யும் வேலை இது.

இனி நம் படகிற்கு வருவோம். படகின் அச்சும் கண்ணாடியிழையே ஆதலின், வானூர்தியாளரை வருத்தும் வெப்ப இழுப்பு இங்கே பெரிதன்று. நம் பட்டறைகளின் தொல்லைகள் வேறு. அவற்றுள் முதலாவது அச்சின் நெகிழ்ச்சி. அச்சு, படகினும் இரு மடங்கேனும் தடிப்புடையதாய், வெளிப்புறம் சட்டத்தால் தாங்கப்பட்டதாய் இருத்தல் வேண்டும் என்பது பொதுவிதி. செலவைக் குறைக்க விரும்புவோர் முதலிற் குறைப்பது இதனையே. அச்சை விற்கப்போவதில்லையே என்று எண்ணுவர். மெலிந்த அச்சு, தன்னுள்ளே சுருங்கும் படகால் இழுக்கப்பட்டுத் தானும் உள்நோக்கி வளையும். சட்டம் இல்லாத அச்சை மணலிலே கிடத்தினால், மணலின் மேடுபள்ளம் அச்சிற்கும், அச்சினின்று படகிற்கும் செல்லும். சட்டம் பொருத்துவதிலும் ஒரு காலமுண்டு. அச்சு முற்றாய் முதிருமுன் சட்டத்தைப் பிசினால் ஒட்டினால், ஒட்டிய இடம் சுருங்கி, அச்சின் மெருகிட்ட உட்புறத்திலே வரிவரியாய்த் தடம் விழும். அச்சை மூலவடிவின் மேலேயே வைத்து, நன்றாய் இறுகவிட்டு, சட்டத்தையும் பொருத்திய பின்னரே கழற்றவேண்டும்.

அடுத்தது வெயில். அச்சின் உட்பூச்சுப் பெரும்பாலும் கறுப்பு அல்லது கடும்பச்சை நிறத்தது. வெள்ளைப் பூச்சுப் பூசும்போது விடுபட்ட இடம் தெரியவேண்டும் என்பதற்காக அந்நிறம். நண்பகல் வெயிலில் வைத்த கறுப்பு அச்சு தொடமுடியாதவாறு சுடும். கூரையின் நிழல் பாதி அச்சில் மட்டும் விழுமாயின், ஒரு பக்கம் விரைந்தும் மறுபக்கம் தாழ்த்தும் இறுகும். வைக்காலில் ஓடு செய்வோர் அஞ்சுவது எதுவோ அதுவே இங்கும் நிகழ்கின்றது. சூடான பக்கத்திற் பிசின் அவசரமாய்ச் சுருங்கி, முதிருமுன்னரே அச்சினின்று கழன்று விடுதலும் உண்டு. கழன்ற இடத்தில் அச்சின் காவல் இல்லை. மேற்பரப்பு அலையலையாய் இறுகும். வெப்பமான நாளில் ஊக்கியை நூற்றுக்கு ஒரு பங்களவிற்குக் குறைத்தலும், ஒரே நாளில் எல்லாப் பாயையும் அடுக்காது இடைவிட்டு அடுக்குதலும் இதற்கு மருந்து. நம் கரையில் ஆண்டின் பெரும்பகுதியும் வெயிலாதலின் இதனை விதிவிலக்காகக் கொள்ளாது விதியாகவே கொள்ளல் நன்று.

இவையெல்லாவற்றினும் பெரிய குறை ஒன்றுண்டு. அதன்பொருட்டே இக்கட்டுரை எழுதப்புகுந்தோம். அது, படகை அச்சினின்று அவசரமாய் எடுத்தல். தென்மேற்குப் பருவக்காற்று அடங்கியதும் நம் கரையில் மீன்பிடிக்காலம் தொடங்குகின்றது. அதற்குமுன் படகு வேண்டும் என்று எல்லோரும் ஒரே காலத்தில் வந்து நிற்பர். பட்டறையில் இருப்பதோ ஓர் அச்சு. நேற்று வார்த்த படகை இன்று காலை பெயர்த்தெடுத்தால் இன்றே அடுத்ததைத் தொடங்கலாம். கையால் தட்டிப்பார்த்தால் கடினமாய்த்தான் இருக்கும். ஆயின் கையின் தீர்ப்பு இங்கே செல்லாது. பொலியெஸ்தர்ப் பிசின் சில மணிநேரத்திற் கட்டியாகும்; முழு முதிர்ச்சி அடைய வாரக்கணக்கிற் செல்லும். முதிராத படகு பச்சைக் குழந்தைபோன்றது. கிடத்தியவாறே உடல் அமையும். அதனை இரண்டு தென்னங்குற்றிகளின்மேற் கிடத்தி வெயிலில் விட்டால், இளகிய பிசின் படகின் நிறையால் மெல்ல மெல்ல இடங்கொடுக்கும். குற்றி தாங்கிய இடம் உட்குழியும், தாங்காத இடம் தொங்கும், பக்கங்கள் அகலும். பின்னர் முதிர்ச்சி முற்றும்போது அக்கோணலோடேயே முற்றும். அச்சு எவ்வளவு செம்மையாயினும் பயனில்லை. படகிற்குக் கடைசி அச்சாய் அமைந்தது அந்தத் தென்னங்குற்றி.

பதமறிய ‘பார்கொல்’ என்னும் சிறு கருவி உண்டு. அதன் ஊசியை அழுத்தினால் பிசினின் கடினம் எண்ணாய்த் தோன்றும். பிசின் செய்வோர் குறித்த எண்ணிற்கு அணித்தாய் வந்தாலன்றி எடுக்கலாகாது. கருவி இல்லாவிடினும் செய்யக்கூடியது ஒன்றுண்டு: குறுக்குப் பலகைகளையும் உறுதிக்கட்டைகளையும் மேல்விளிம்பையும், படகு அச்சிலே இருக்கும்போதே பொருத்திவிடுதல். எலும்பு வைத்த உடல் எளிதிற் கோணாது. பல பட்டறைகளில் ஓட்டினை முதலில் வெளியே எடுத்து, கிடந்த கிடையில் உள்வேலையைச் செய்கின்றனர். அதனால் அந்நேரத்திலிருந்த கோணல், பலகைகளால் நிலையாகப் பூட்டப்படுகின்றது. 2004ஆம் ஆண்டுக் கடற்கோளின் பின்னர் இழந்த படகுகளுக்கு ஈடாக நாடெங்கும் அவசரமாய்க் கட்டப்பட்டவற்றுட் பல தரங்குறைந்தன என்னும் குறைபாடு அக்காலத்திலேயே எழுந்தது. அவசரத்திற்கு நல்லெண்ணமே காரணமாயினும் பிசின் அதனை அறியாது.

கோணிய படகு கடலில் என்ன செய்யும்? அமரத்தை, அதாவது பின்தலையை, அண்டிய அடிப்பாகம் சிறிது உட்குழிந்திருந்தால், ஓடும்போது நீர் அக்குழியில் அழுத்திப் பின்தலையை உயர்த்தும். அணியமாகிய முன்தலை தாழும். தாழ்ந்த முன்தலை எதிரலையை ஏறாது குத்தும். நீர் உள்ளே வரும். அடிப்பாகம் மாறாக வெளிக்குவிந்திருந்தால், வேகம் எடுத்தவுடன் முன்தலை எழுந்தும் விழுந்தும் துள்ளும். உடல் முறுகியிருந்தாலோ படகு ஒரு பக்கம் சாய்ந்தே ஓடும். சுக்கானை விட்டால் தானே திரும்பும். படகோட்டி அதற்கேற்பத் தன் உடலைச் சாய்த்துப் பழகிக்கொள்வார். எரிபொருள் கூடுதலாய்ச் செலவாவதை இயந்திரத்தின் குறையென எண்ணி மெக்கானிக்கிடம் செல்வார். மெக்கானிக் இயந்திரத்தைக் கழற்றிப் பூட்டுவார். குறையோ பட்டறையிலே, அச்சினடியிலே கிடக்கின்றது. இரவில் சாய்ந்தோடும் படகில், வலை ஏற்றித் திரும்பும்போது பக்கத்திலிருந்து ஓர் அலை வந்தால் விளைவு யாதென்று நம் கரையார்க்கு யாம் சொல்லவேண்டியதில்லை.

படகு வாங்குவோர் தாமே செய்துபார்க்கத்தக்க சோதனை எளிது. நேரான, சமநீளமான இரண்டு சட்டங்களை எடுத்து, ஒன்றை அணியத்தின் அருகே இரு மேல்விளிம்பின்மீதும் குறுக்கே வைக்க. மற்றதை அமரத்தருகே அவ்வாறே வைக்க. பின்னால் நின்று ஒரு கண்ணை மூடி, அண்மைச் சட்டத்தின் மேல்வரையோடு சேய்மைச் சட்டத்தின் மேல்வரையைப் பொருத்தி நோக்குக. இரண்டும் ஒருங்கே மறைந்தால் முறுக்கு இல்லை; ஒரு முனை தோன்றி மறுமுனை மறைந்தால் முறுக்கு உண்டு. பின் படகைக் கவிழ்த்து, அடியின் பிற்பாதியில் ஒரு நூலை இறுக இழுத்துப் பிடித்து, நூலுக்கும் ஓட்டிற்கும் இடையே வெளிச்சம் தெரிகின்றதா என்று காண்க. நடுவில் வெளிச்சம் தெரிந்தால் அது குழிவு; நூல் நடுவிலே தட்டி இரு முனையிலும் விலகினால் குவிவு. மேல்விளிம்பின் அகலத்தை முன், நடு, பின் என மூன்றிடத்தில் அளந்து, அச்சின் அகலத்தோடு ஒப்பிட்டு எழுதிவைக்க. இவற்றை அச்சினின்று எடுத்த அன்றே ஒருமுறையும், ஒரு மாதங் கழித்து மீண்டும் ஒருமுறையும் செய்தல் வேண்டும். இரண்டாம் அளவு முதலளவோடு ஒத்திருந்தாலே படகு முதிர்ந்துவிட்டது எனலாம். பட்டறையார் முதலளவுக்கு உடன்பட்டு இரண்டாவதற்கு முகம் சுளிப்பாராயின், காசு முழுவதையும் முன்னரே எண்ணிக் கொடாதிருத்தல் நன்று.